அறிக்கையை வாசித்தவர்

அன்புள்ள ஐயா,

இருபது வருடங்களாகக் கட்சி உறுப்பினராக இருக்கிறேன். இப்போது நடக்கும் போரில் தலைமை எடுத்த நிலைப்பாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. கிளைக் கூட்டத்தில் அதைச் சொன்னேன். என்னைக் கட்சிக்குக் கொண்டுவந்த மூத்த தோழர், “போர் முடியட்டும், அப்புறம் பேசு. இப்போது பேசுவது துரோகம்” என்றார். அன்றிலிருந்து என் முகம் பார்ப்பதில்லை. நான் செய்தது தவறா?

பெயர் வேண்டாம், திருப்பூர்

அன்புள்ள நண்பருக்கு,

தவறே இல்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஹூகோ ஹாசேயின் நினைவு வந்தது. முதல் உலகப் போர் தொடங்கிய 1914-இல் ஜெர்மன் சமூக ஜனநாயகக் கட்சியின் இரு தலைவர்களில் ஒருவர். போர்ச் செலவுக்காக அரசு கேட்ட கடனை ஆதரிப்பதா என்று ஆகஸ்ட் 3 அன்று கட்சியின் நாடாளுமன்றக் குழு கூடியது. ஆதரவு 78, எதிர்ப்பு 14. எதிர்த்தவர்களில் ஹாசேயும் ஒருவர். மறுநாள் அவையில் எழுந்து, ஆபத்து வேளையில் தாய்நாட்டைக் கைவிட மாட்டோம் என்ற அறிக்கையை வாசித்தவரும் அவரே. தலைவர் அல்லவா, அவர் வாயால்தான் அது வரவேண்டியிருந்தது. அந்தக் காகிதத்தோடு நின்ற மனிதரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகும்.

ஆதரித்தவர்களைக் கோழைகள் என்று சொல்ல மாட்டேன். ரஷ்யப் பேரரசர் ஜாரின் படை உள்ளே வந்துவிடும் என்று உண்மையாகவே அஞ்சினார்கள். எதிர்த்தால் கட்சியைத் தடைசெய்வார்கள் என்ற பயமும் இருந்தது. லூட்விக் ஃப்ராங்க் என்ற உறுப்பினர் தாமாகவே படையில் சேர்ந்து ஒரே மாதத்தில் களத்தில் இறந்தார். உங்கள் தோழரின் கோபத்துக்கு அடியிலும் இப்படி ஒரு பயம் இருக்கலாம்.

கார்ல் லீப்னெக்டும் குழுவில் எதிர்த்தவர்தான். கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பணிந்து மறுநாள் ஆதரவாக வாக்களித்தார். செப்டம்பரில் ஸ்டுட்கார்ட் தோழர்கள் அதை முகத்துக்கு நேரே கண்டித்தார்கள். அவர் சப்பைக்கட்டு கட்டவில்லை. கண்டனம் சரிதான் என்று ஒப்புக்கொண்டார். டிசம்பர் 2 அன்று மீண்டும் வாக்கெடுப்பு வந்தபோது, அவையில் எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான். எழுதிக் கொடுத்த விளக்கத்தை அவைக்குறிப்பில் சேர்க்கக்கூட மறுத்துவிட்டார்கள். ஓராண்டு கழித்து அப்படி எதிர்த்த சமூக ஜனநாயகர்கள் 20 பேர். அவர்களில் ஹாசேயும் இருந்தார். அந்த ஒற்றை வாக்குக்குப் பின்னால், உங்கள் கிளைக் கூட்டத்தைப் போன்ற ஒரு கூட்டத்தில் எழுந்து பேசிய, பெயர் தெரியாத தோழர்களும் இருக்கிறார்கள் என்றே நம்புகிறேன்.

“போர் முடியட்டும்” என்பதை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. 1918 நவம்பரில் அந்தப் போர் முடிந்தபோது ஜெர்மன் வீரர்கள் மட்டும் ஏறக்குறைய 20 லட்சம் பேர் இறந்திருந்தார்கள். அவர்களுக்கு அப்புறம் பேசி என்ன?

கட்சியை விட்டு விலக வேண்டாம். கிளையில் மறுபடியும் பேசுங்கள். தெருமுனைக் கூட்டத்தில் அந்த நிலைப்பாட்டை விளக்க உங்களையே மேடையேறச் சொன்னால், முடியாது என்று சொல்லிவிடுங்கள். அதற்கெல்லாம் முன்பாக, ஒரு மாலை அந்தத் தோழரின் வீட்டுக்குப் போய் வாருங்கள். இருபது வருடப் பழக்கம். கதவைத் திறக்காமல் இருக்க மாட்டார்.