துகள்கற்றையை அளக்கும் வேலைக்கு மகளை அனுப்பலாமா?

வணக்கம் அம்மா,

எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், துகள் முடுக்கியில் கற்றையை அளக்கும் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக நிற்பதாக எழுதியிருந்தீர்கள். "அது விஞ்ஞானிகள் வேலை ஆயிற்றே, இவளுக்கு அங்கே என்ன இடம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வேலையில் பாதிக்கு மேல் எலக்ட்ரானிக்ஸ்தான். அது என்ன வேலை என்று கொஞ்சம் விரிவாகச் சொன்னால் உங்கள் பயம் குறையும்.

துகள் முடுக்கி என்பது அணுவைவிடச் சிறிய துகள்களை மிக வேகமாக ஓடவிடும் இயந்திரம். அதில் ஒரு வகைதான் சேமிப்பு வளையம். அது, காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்துவிட்ட ஒரு வட்டக் குழாய். அதற்குள் எலக்ட்ரான்களோ புரோட்டான்களோ கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் மணிக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருக்கும். பிரான்சின் கிரெனோபிளில் உள்ள வளையத்தின் சுற்றளவு 844 மீட்டர். எலக்ட்ரான் அதை ஒரே விநாடியில் சுமார் 3,55,000 தடவை சுற்றிவிடும். கூட்டமாக ஓடும் இந்தத் துகள்களைத்தான் கற்றை என்கிறோம். அதுவோ தலைமுடியைவிட மெலிது. குறுக்கே எதையாவது நீட்டித் தொட்டால் கற்றையே அழிந்துவிடும். அப்படியானால் அது எங்கே ஓடுகிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

குழாயின் உட்சுவரில் நான்கு சின்ன உலோகப் பொத்தான்களைப் பதித்திருப்பார்கள். கற்றை கடக்கும்போது ஒவ்வொரு பொத்தானிலும் ஒரு மின்துடிப்பு எழும். இடப்பக்கத் துடிப்பு பெரிதாக இருந்தால் கற்றை இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பொருள். இரண்டின் வித்தியாசத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், எவ்வளவு ஒதுங்கியது என்பது வந்துவிடும். கணக்கு இவ்வளவுதான். ஆனால் விடை மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுக்குத் துல்லியமாக வேண்டும். அறையின் வெப்பநிலை லேசாக மாறினாலே கேபிளும் சர்க்யூட்டும் தவறான எண்ணைக் காட்டத் தொடங்கிவிடும். நகர்ந்தது கற்றையா, கருவியா? இந்தத் துறையில் இருப்பவர்கள் வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொள்ளும் கேள்வி இதுதான்.

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தில் 1989 முதல் 2000 வரை ஓடிய லெப் வளையத்தின் சுற்றளவு சுமார் 27 கிலோமீட்டர். அங்கே கற்றையின் ஆற்றல் லேசாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. தேடிப் பார்த்ததில், கடலில் அலையேற்றம் உண்டாக்கும் அதே நிலவு தரையையும் இழுத்து, வளையத்தின் சுற்றளவை ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மாற்றுவது தெரிந்தது. அப்புறம் இன்னொரு ஆட்டம். அது ரயில்கள் ஓடாத நள்ளிரவு நேரத்தில் அடங்கிவிடும். தண்டவாளத்திலிருந்து மண்ணில் கசிந்த மின்சாரம் வளையத்தின் குழாய் வழியாகவும் ஓடி, கற்றையை வளைத்துச் சுற்றவிடும் காந்தங்களைத் தொந்தரவு செய்திருக்கிறது. இப்படித் துப்பறியப் பொறுமை வேண்டும். "ஒரு சிக்னலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாரம் உட்கார்ந்தாள்" என்று நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருந்த வரியைப் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அளந்ததும் திருத்த வேண்டும். பல வளையங்களில் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை இடத்தை அளந்து, திருத்து காந்தங்களின் மின்னோட்டத்தை அந்தக் கணமே மாற்றுகிறார்கள். இதில் உச்சமான உதாரணம் செர்னில் வேலை பார்த்த சைமன் வான் டெர் மேர். எதிர்ப்புரோட்டான் (எதிர் மின்னூட்டம் கொண்ட புரோட்டான்) கற்றையின் விலகலை வளையத்தின் ஓர் இடத்தில் அளந்து, சிக்னலைக் குறுக்கு வழியில் எதிர்ப்பக்கம் அனுப்பினார். துகள் வளைவைச் சுற்றி வந்து சேரும் நேரத்துக்குத் திருத்தும் மின்துடிப்பு அங்கே தயாராக நிற்கும். இதற்காக 1984இல் கார்லோ ருபியாவுடன் இயற்பியல் நோபல் பகிர்ந்துகொண்டார். அவர் பொறியியல் படித்தவர், முனைவர் பட்டம் வாங்காதவர். அம்மா, உங்கள் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

கதிர்வீச்சுப் பயம் நியாயமானது. ஆனால் கற்றை ஓடும்போது சுரங்கத்துக்குள் யாரும் இருக்க மாட்டார்கள். கதவு திறந்தாலே இயந்திரம் நிற்கும்படி பூட்டியிருப்பார்கள். வேலை கன்ட்ரோல் ரூமிலும் ஆய்வகத்திலும்தான்.

வேலை வாய்ப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இப்படிப்பட்ட வளையங்கள் உலகத்தில் குறைவு, இடங்களும் குறைவு, ஊர் விட்டுப் போக வேண்டிவரும். அதனால் இப்போதே "முடுக்கி" என்று பெயர் போட்ட படிப்பைத் தேடி ஓட வேண்டாம். முதுகலையில் சிக்னல் பிராசசிங், ரேடியோ அலைவரிசை மின்னணுவியல், எஃப்.பி.ஜி.ஏ. (உள்ளே இருக்கும் சர்க்யூட்டைத் தேவைக்கேற்ப மாற்றி அமைக்கக்கூடிய சிப்), கட்டுப்பாட்டுக் கோட்பாடு ஆகியவற்றை ஆழமாகப் படிக்கட்டும். வளையத்தில் இடம் கிடைக்காவிட்டாலும் தகவல்தொடர்பு, ரேடார், மருத்துவக் கருவிகள் எல்லாவற்றுக்கும் அதே திறமைதான் தேவை. இயற்பியல் அடிப்படையைச் செர்ன் நடத்தும் முடுக்கிப் பள்ளி போன்ற குறுகிய வகுப்புகளில் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த விடுமுறைக்கு அவளுக்கு ஒரு வேலை தருகிறேன். முடுக்கி மாநாட்டுக் கட்டுரைகள் ஜாகோ (JACoW) இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். கற்றை அளவீடு பற்றி நான்கு கட்டுரை படிக்கட்டும். அப்புறம் பைதான் கணினி மொழியில் ஒரு சின்ன வளையத்தின் மாதிரி எழுதி, ஒரு காந்தத்தை வேண்டுமென்றே சற்று நகர்த்தி வைத்து, கற்றைப் பாதை எப்படிக் கோணுகிறது என்று பார்த்து, அதைத் திருத்தட்டும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் வரும் இரண்டு வரைபடங்களையும் உங்களிடம் காட்டி விளக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டாள் என்றால், விண்ணப்பங்களை நிரப்ப மூவரும் உட்காரலாம்.