ஜனவரிப் பயணம்

அன்புள்ள ஐயா,

ஐ.நா. பற்றிய உங்கள் கட்டுரையில், சீனாவின் உண்மையான பலம் வீட்டோவைவிட வாக்கு சேர்ப்பதில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அது கொஞ்சம் மிகையாகப் பட்டது. சீனா பணத்தை அள்ளி வீசுகிறது, ஏழை நாடுகள் கை தூக்குகின்றன. இதில் ராஜதந்திரம் எங்கே வந்தது? பணம் சேர்ந்தால் நாளை இந்தியாவும் இதைச் செய்துவிடாதா? ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நிரந்தர இடம் கேட்டு இத்தனை வருஷம் காத்திருப்பதற்கு அதுவே மேல் அல்லவா?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க.,

பணத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன். 2000 வாக்கில் ஐ.நா.வின் வழக்கமான பட்ஜெட்டில் சீனா கட்டவேண்டிய பங்கு 1 சதவீதம்தான். இப்போது 20 சதவீதம். அமெரிக்காவின் 22 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் பணத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 1971 புரியாது.

அந்த வருஷம் அக்டோபர் 25 அன்று, ஐ.நா.வில் சீனாவின் இடத்தை பீஜிங் அரசுக்கே கொடுக்கும் தீர்மானம் பொதுச்சபையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 76 நாடுகள் ஆதரித்தன, 35 எதிர்த்தன, 17 ஒதுங்கிக்கொண்டன. தைவானிலிருந்த சியாங் கை-ஷேக் அரசின் பிரதிநிதிகள் வெளியேற, பீஜிங் உள்ளே வந்தது. அமெரிக்கா முழு மூச்சோடு எதிர்த்துப் பார்த்தது. சீனாவோடு நடந்த 1962 போர் முடிந்து ஒன்பதே வருஷம் ஆகியிருந்த இந்தியா ஆதரித்து வாக்களித்தது. அன்றைய சீனா பரம ஏழை, கலாச்சாரப் புரட்சியில் சின்னாபின்னமாகிக் கிடந்த தேசம். அந்த நிலையிலும் அது தான்சானியாவையும் சாம்பியாவையும் இணைக்கும் 1,860 கிலோமீட்டர் ரயில் பாதையை வட்டியில்லாக் கடனில் போட்டுக்கொண்டிருந்தது. லாபம் வராது என்று உலக வங்கி கைவிரித்த பாதை அது. வாக்கெடுப்பு முடிவு வந்ததும் மண்டபத்தில் ஆடியவர்களில் தான்சானியர்களும் இருந்தார்கள். அதுவும் பணம்தானே என்பீர்கள். சரி, ஆனால் தனக்கே இல்லாத காலத்தில் கொடுத்த பணம். வாங்கியவர்கள் அதை மறக்கவில்லை.

அப்புறம், எனக்கு மிகவும் வியப்பளிக்கும் ஒரு வழக்கம் உண்டு. 1991 முதல் சீன வெளியுறவு அமைச்சர் ஒவ்வொரு புத்தாண்டிலும் தன் முதல் வெளிநாட்டுப் பயணத்தை ஆப்பிரிக்காவுக்குத்தான் வைத்துக்கொள்கிறார். அமைச்சர்கள் மாறினார்கள், அதிபர்கள் மாறினார்கள், கோவிட் வந்தது. ஜனவரிப் பயணம் நிற்கவில்லை. வல்லரசுகள் உலக வரைபடத்தில் தேடிப் பார்த்துக்கூடக் கண்டுபிடிக்காத சின்ன நாட்டுக்கு, பெரிய நாட்டின் அமைச்சர் வேறெங்கும் போகும் முன்னால் வந்து இறங்குகிறார் என்றால், அந்த மரியாதைக்கு விலை போட முடியாது. பொதுச்சபையில் அந்தச் சின்ன நாட்டுக்கும் ஒரு வாக்கு, அமெரிக்காவுக்கும் ஒரு வாக்கு.

2019 ஜூனில் ரோமில் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் தலைவரைத் தேர்ந்தெடுத்தபோது இது அப்படியே வெளிப்பட்டது. 191 வாக்குகளில் சீனாவின் சூ தோங்யூ முதல் சுற்றிலேயே 108 பெற்றார். பிரான்ஸ் வேட்பாளருக்கு 71, அமெரிக்கா ஆதரித்த ஜார்ஜிய வேட்பாளருக்கு வெறும் 12. போட்டியில் இருந்த கேமரூன்காரர் முன்பே விலகியிருந்தார். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் கேமரூனின் கடனில் ஒரு பகுதியைச் சீனா தள்ளுபடி செய்திருந்தது, எனவே நீங்கள் சொல்லும் பணமும் இங்கே கண்ணில் படத்தான் செய்கிறது. ஆனால் அமெரிக்காவும் ஐரோப்பாவும் தங்களுக்குள் பேசி ஒரே வேட்பாளரை நிறுத்தக்கூட முடியாமல் போனதற்கு யார் பொறுப்பு? அப்போது ஐ.நா.வின் 15 சிறப்பு முகமைகளில் நான்குக்குச் சீனர்கள் தலைவர்கள். அடுத்த வருஷம் அறிவுசார் சொத்துரிமை அமைப்புக்கும் சீனா போட்டியிட்டது. இந்தமுறை அமெரிக்கா விழித்துக்கொண்டு ஓடியாடியது, சிங்கப்பூரின் டேரன் டாங் ஜெயித்தார். வேலை செய்தால் பலன் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கிடைக்காத இடத்தில் தானே ஒரு வீட்டைக் கட்டிக்கொள்ளவும் சீனா தயங்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்தில் முக்கிய முடிவுகளுக்கு 85 சதவீத வாக்குகள் வேண்டும், அமெரிக்காவிடம் ஏறத்தாழ 16.5 இருக்கிறது. அது நினைத்தால் எதையும் தடுக்கலாம். சீனாவின் பங்கைச் சற்று உயர்த்த 2010-ல் ஒப்புக்கொண்ட சீர்திருத்தத்துக்கு அமெரிக்கக் காங்கிரஸ் 2015 டிசம்பர் வரை ஒப்புதல் தரவில்லை. அடுத்த மாதமே ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கி பீஜிங்கில் செயல்படத் தொடங்கியது. அங்கே பெரிய முடிவுகளுக்கு 75 சதவீதம் வேண்டும், சீனாவிடம் ஏறத்தாழ 26 இருக்கிறது. அதே சூத்திரம்! சீனாவுக்கு அடுத்த பெரிய பங்குதாரர் இந்தியா. சென்னை மெட்ரோவில் கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் வழித்தடத்துக்கு இந்த வங்கியின் கடனும் இருக்கிறது.

இந்தியாவும் இதைச் செய்யலாமா என்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், செய்தும் இருக்கிறோம். 2017-ல் சர்வதேச நீதிமன்றத் தேர்தலில் தல்வீர் பண்டாரிக்காக நம் தூதர்கள் நாடு நாடாகப் பேசினார்கள். சுற்றுக்கு மேல் சுற்றாக இழுபறி நடந்து, கடைசியில் பிரிட்டன் தன் வேட்பாளரை விலக்கிக்கொண்டது. 1946-க்குப் பிறகு முதல்முறையாகப் பிரிட்டிஷ் நீதிபதி இல்லாமல் அந்த நீதிமன்றம் உட்கார்ந்தது. ஆனால் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட வெளியுறவுப் பணியை வைத்துக்கொண்டு எத்தனை தேர்தலில் இப்படி ஓட முடியும்? நிரந்தர இடத்தைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியையாவது ஆள் சேர்ப்பதில் செலவிடலாம் என்பது என் ஆதங்கம்.

இவ்வளவையும் பாராட்டுபோல எழுதிவிட்டேன். எனக்கு வலிக்கும் இடம் ஒன்றும் இருக்கிறது. சேர்த்த வாக்கை எதற்குச் செலவழிக்கிறார்கள்?

ஜெனீவாவில் மனித உரிமைக் கவுன்சில் கூடும் மண்டபத்தின் கூரை முழுக்க, குகைக்குள் தொங்கும் சுண்ணாம்புக் கூம்புகள்போல வண்ண வண்ணமாகத் தொங்கும். ஸ்பானிய ஓவியர் மிகெல் பார்சலோ செய்தது. 2022 அக்டோபர் 6 அன்று அந்தக் கூரைக்குக் கீழே ஒரு தீர்மானம் வந்தது. சீனாவின் சின்ஜியாங் பகுதியில் உய்குர் முஸ்லிம் மக்களுக்கு நடப்பது மனிதகுலத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்று, ஐ.நா.வின் மனித உரிமை அலுவலகமே ஐந்து வாரம் முன்பு அறிக்கை தந்திருந்தது. தீர்மானம் யாரையும் கண்டிக்கச் சொல்லவில்லை, தண்டிக்கச் சொல்லவில்லை. அறிக்கையைப் பற்றி அடுத்த கூட்டத்தில் விவாதிக்கலாம் என்று மட்டுமே கேட்டது.

ஆதரவு 17, எதிர்ப்பு 19, ஒதுங்கியவை 11. விவாதமே வேண்டாம் என்று முடிவானது. முடிவு தெரிந்ததும் மண்டபத்தில் கைதட்டல் எழுந்தது. எதிர்த்தவற்றில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், ஐக்கிய அரபு அமீரகம் எல்லாம் இருந்தன. ரஷ்யப் படை உள்ளே புகுந்து நீதி கேட்டு நின்ற உக்ரைன் ஒதுங்கிக்கொண்டது. இந்தியாவும் ஒதுங்கிக்கொண்டது. அதற்கு என்ன ராஜதந்திரக் காரணம் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை. லடாக்கில் சீனப் படையோடு மல்லுக்கு நின்ற நாம், பேச விடலாமா என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டோம். சீனாவிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஜனவரிப் பயணம் இருக்கிறது. அந்தக் கைதட்டலைக் கற்றுக்கொள்ள வேண்டாம்.

ஆதரித்த 17-இல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடு ஒன்றே ஒன்றுதான். ஆப்பிரிக்க நாடும் அது ஒன்றுதான். உள்நாட்டுப் போரில் நொறுங்கி, அந்த வருஷம் வறட்சியில் பஞ்சத்தின் விளிம்பில் நின்ற சோமாலியா.