வாசகர் கேள்வி – பதில்: பின்கதவில் சைல்டு லாக்

கேள்வி: ஓடும் காரில் எங்கள் நான்கு வயது மகன் பின்கதவின் கைப்பிடியை இழுத்துவிட்டான். நல்லவேளையாகக் கதவு திறக்கவில்லை. சென்ட்ரல் லாக் இருப்பதால்தான் திறக்கவில்லை, அதுவே போதும் என்கிறார் என் கணவர். சைல்டு லாக் தனியாகத் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. சென்ட்ரல் லாக் முதன்மையாக வெளியிலிருந்து யாரும் கதவைத் திறக்காமல் இருப்பதற்கானது. உள்ளே இருப்பவர்கள் அவசரத்தில் இறங்க வேண்டியிருக்கும் என்பதால், பல கார்களில் உள்கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் பூட்டு விடுபடும், மறுமுறை இழுத்தால் கதவு திறந்துவிடும். சில கார்களில் முதல் இழுப்பிலேயே திறந்துவிடுவதும் உண்டு. உங்கள் மகன் அன்று ஒருமுறை மட்டும் இழுத்திருக்கக்கூடும். கையில் கிடைத்ததை மறுபடியும் மறுபடியும் இழுத்துப் பார்ப்பது அந்த வயதின் இயல்பு. சைல்டு லாக் போட்டுவிட்டால் உள்கைப்பிடிக்கும் கதவைப் பிடித்து வைத்திருக்கும் பொறிக்கும் இடையிலான தொடர்பே அறுந்துவிடும். குழந்தை எத்தனை முறை இழுத்தாலும் கைப்பிடி வெறுமனே வந்து போகும். வெளிக்கைப்பிடி எப்போதும்போல வேலை செய்யும். ஆனால் இந்தப் பூட்டு குழந்தையை இருக்கையில் பிடித்து வைக்காது. அதற்குக் குழந்தை இருக்கையும் சீட் பெல்ட்டும்தான் வழி.

கேள்வி: பழைய கார் ஒன்றை வாங்கியிருக்கிறோம். சைல்டு லாக் எங்கே இருக்கிறது, வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: பின்கதவை முழுவதும் திறந்து, மூடும்போது காரின் உடலோடு பொருந்துகிற அதன் ஓரத்தைப் பாருங்கள். பூட்டுப் பொறிக்குச் சற்று மேலோ கீழோ நகத்தளவு நெம்புகோல் ஒன்று இருக்கும்; பக்கத்தில் பெரும்பாலும் குழந்தையின் உருவமோ பூட்டின் படமோ அம்புக்குறியோ பதித்திருப்பார்கள். சில கார்களில் நெம்புகோலுக்குப் பதிலாக, சாவி முனையையோ ஸ்க்ரூடிரைவரையோ விட்டுத் திருப்புகிற சிறு பிளவு இருக்கும். கதவு மூடியிருக்கும்போது இது கண்ணுக்கே தெரியாது என்பதால், காரைப் பல ஆண்டுகள் ஓட்டியவர்கள்கூட இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். இடது கதவில் போட்டால் வலது கதவிலும் சேர்ந்து விழும் என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டையும் தனித்தனியே போட வேண்டும். மின்சார சைல்டு லாக் உள்ள கார்களில் மட்டும் ஓட்டுநர் பக்கத்தில் அதற்கென்று பட்டன் இருக்கும். சிலவற்றில் அதே பட்டன் பின்பக்கக் கண்ணாடிகளின் இயக்கத்தையும் நிறுத்திவிடும்.

சோதிப்பதற்கு எளிய வழி உண்டு. கார் நின்றிருக்கும்போது பின்கதவின் கண்ணாடியை முழுவதும் இறக்கி, சென்ட்ரல் லாக்கை விடுவித்து, நெம்புகோலைப் போட்டு, நீங்கள் வெளியே நின்றபடி கதவை மூடுங்கள். பிறகு ஜன்னல் வழியாகக் கையை உள்ளே விட்டு உள்கைப்பிடியை இரண்டு மூன்று முறை நன்றாக இழுத்துப் பாருங்கள். கதவு அசையக் கூடாது. வெளிக்கைப்பிடியை இழுத்ததும் திறக்க வேண்டும். சென்ட்ரல் லாக்கைப் போட்டபடியே சோதித்தால் எந்தப் பூட்டு கதவைப் பிடித்திருக்கிறது என்று தெரியாது. காரைக் கழுவிய பின்னும், சர்வீஸிலிருந்து எடுத்து வந்த பின்னும் இதை ஒருமுறை செய்துவிடுங்கள். துடைக்கும் துணி பட்டே நெம்புகோல் நகர்ந்துவிடலாம்.

கேள்வி: பின்னிருக்கையில் இருந்த என் தந்தை கதவைத் திறக்க முடியாமல் மிகவும் பதறிப்போனார். கைப்பிடி பழுது என்று நினைத்து மெக்கானிக்கிடம் போனால், அவர் எதையோ தட்டிவிட்டுச் சரியாகிவிட்டது என்றார்.

பதில்: அவர் தட்டிவிட்டது சைல்டு லாக்கைத்தான். வெளியிலிருந்து திறந்து, உள்ளிருந்து மட்டும் திறக்காத பின்கதவைப் பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும். என் வீட்டிலும் இதே தவறு நடந்திருக்கிறது. பேரனுக்காகப் போட்ட பூட்டை எடுக்காமலே என் அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துவிட்டேன். நான் சாமான்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அவர் கைப்பிடியை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தில் இருந்த பயம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. பெரியவர்கள் ஏறும்போது பூட்டை எடுத்துவிடுங்கள், அல்லது “பூட்டு போட்டிருக்கிறது, நான் வந்து திறக்கிறேன்” என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: விபத்து நேர்ந்தால் குழந்தை உள்ளேயே சிக்கிக்கொள்ளாதா? இந்தப் பயத்தால்தான் நான் போடுவதில்லை.

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் மோதலின்போது கதவு திறந்து ஆள் வெளியே தூக்கி வீசப்படுவதுதான் அதைவிடப் பெரிய ஆபத்து. ஐக்கிய நாடுகள் அமைப்பின்கீழ் வாகனங்களுக்கென உருவான உலகளாவிய தொழில்நுட்ப விதிகளில், 2004-இல் வந்த முதல் விதியே கதவுப் பூட்டுகளைப் பற்றியதுதான். மேலும், ஓடும் காரில் குழந்தை கதவைத் திறக்க முயல்வது எந்த நாளும் நடக்கக்கூடியது. உங்கள் பயம் அரிதாக நேர்வதைப் பற்றியது.

இருந்தாலும் அந்த அரிய நேரத்துக்கும் நாம் தயாராக இருக்க வேண்டும். ஏர்பேக் விரியும்போது பல கார்களில் சென்ட்ரல் லாக் தானாக விடுபடும். நெம்புகோல் வகை சைல்டு லாக் விடுபடாது, போட்டது போட்டபடியே இருக்கும். எனவே உதவிக்கு வருபவர் வெளிக்கைப்பிடியை இழுத்துத் திறக்க வேண்டும். உள்ளே இருக்கும் பெரியவர் என்றால், கண்ணாடியை இறக்கிக் கையை வெளியே நீட்டி அதே கைப்பிடியை இழுக்கலாம். இரண்டுக்குமே சென்ட்ரல் லாக் விடுபட்டிருக்க வேண்டும். அதுவும் முடியாதபோது முன்னிருக்கை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதைக் குழந்தைக்கு ஒருமுறையாவது செய்து காட்டுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது வெயிலில் நிறுத்திய கார். உள்ளே ஏறுகிற வெப்பத்தில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்துக்குள்ளாகவே ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கி வைப்பதால் பெரிய வித்தியாசம் ஏற்படாது. சைல்டு லாக் போட்ட பின்னிருக்கையில் இருக்கும் குழந்தையால் அந்தக் கதவைத் திறக்கவே முடியாது. ஒரு நிமிட வேலை என்றாலும் குழந்தையையும் கூடவே இறக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகளுக்கு ஒன்பது வயது. இனி எடுத்துவிடலாமா?

பதில்: வயதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கார் முழுவதும் நின்று, நீங்கள் சொன்ன பிறகுதான் கைப்பிடியைத் தொடுகிறாள் என்றால் எடுத்துவிடலாம். முதலில், வாகனங்கள் கடந்து செல்லும் பக்கத்துக் கதவில் பூட்டை அப்படியே விட்டுவிட்டு, நடைபாதைப் பக்கத்துக் கதவில் மட்டும் எடுங்கள். சில மாதங்கள் அந்தப் பக்கமாகவே இறங்கிப் பழகட்டும்.