பெட்ரோல் மூடி திறக்கவில்லையா? முதலில் லீவரைக் கவனியுங்கள்

வணக்கம். மழைக்காலம் முழுவதும் செம்பூரில் வெட்டவெளியில் நின்ற உங்கள் காரில், இருக்கைக்கு அருகிலுள்ள லீவரை இழுத்தும் பெட்ரோல் மூடி திறக்கவில்லை என்றும், மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால் நெம்பிவிடலாம் என்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அதற்குச் சம்மதிக்காதீர்கள்; விளிம்பில் பெயிண்ட் பெயர்ந்தால், மும்பையின் உப்புக்காற்றில் அங்கே துருப்பிடிக்க அதிக நாள் ஆகாது.

லீவரை இழுக்கும்போது கை என்ன உணர்கிறது என்பதே முக்கியம். அது தொளதொளவென்று வந்தால், கேபிள் அறுந்திருக்கும் அல்லது கொக்கியிலிருந்து கழன்றிருக்கும். வழக்கம்போல் விறைப்பாக இருந்து, பின்பக்கம் ‘டக்’ என்ற ஒலியும் கேட்டால், கேபிளில் குறையில்லை. தாழ்ப்பாள் விலகியும், மூடியை வெளியே தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்ததாலோ கீலில் துரு ஏறியதாலோ மூடி எழும்பாமல் கிடக்கிறது. மழையில் நின்ற வண்டி என்பதால் எனக்கு இதன் மேல்தான் சந்தேகம். ஒருவர் லீவரை இழுத்துப் பிடித்திருக்க, மற்றவர் மூடியை உள்ளங்கையால் மெல்ல அழுத்திவிட்டு, கீலுக்கு எதிர்ப்புற விளிம்பில் பழைய ஏடிஎம் அட்டையைச் செருகி இழுத்தால் பெரும்பாலும் திறந்துவிடும். பிறகு கீலைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்து, தளர்ந்த ஸ்பிரிங்கை மாற்றிவிடுங்கள்.

கேபிளே அறுந்திருந்தால், பல கார்களில் டிக்கியின் பக்கவாட்டு உறையைக் கழற்றித் தாழ்ப்பாளை உள்ளிருந்தே கையால் விலக்க முடியும். பெட்ரோல் அளவைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். எனவே மூடி திறக்கும்வரை வண்டியை ஈஸ்டர்ன் எக்ஸ்பிரஸ் ஹைவே பக்கம் எடுத்துச் செல்லாமல், மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.