நடைக்கு முன் வைட்டமின் மாத்திரை தேவையா?

கேள்வி: வயது 52. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்தான் நரம்பையும் கண்ணையும் கெடுக்கிறது என்று படித்தேன். காலை நடைக்கு முன் வைட்டமின் சி, ஈ மாத்திரை, மஞ்சள் கேப்சூல், சிறுகுறிஞ்சான் பொடி மூன்றையும் எடுக்கலாமா?

பதில்: நடையை விடாதீர்கள். மற்றவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சர்க்கரை ஏறியே இருந்தால் செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் ஃப்ரீ ராடிக்கல்கள், அதாவது செல்லைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுகள், அளவுக்கு மீறி உண்டாகின்றன. இதுதான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம். நீங்கள் படித்தது சரிதான். தசை உழைக்கும்போதும் இவை கொஞ்சம் உண்டாகும். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துத்தான் உடல் தன் சொந்தத் தற்காப்பு என்சைம்களைக் கூட்டிக்கொள்கிறது. அதை மாத்திரை போட்டு அமுக்கினால் பயிற்சியின் பலனும் குறையலாம். 2009இல் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான இளைஞர்கள் நான்கு வாரம் பயிற்சி செய்தார்கள். தினம் 1,000 மி.கி. வைட்டமின் சி-யும் 400 யூனிட் வைட்டமின் ஈ-யும் எடுத்தவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடவில்லை, எடுக்காதவர்களுக்குக் கூடியது. ஆய்வில் இருந்தவர்கள் சர்க்கரை நோயாளிகள் அல்ல என்பது உண்மை. ஆனாலும் குறைபாடு இல்லாதவர் இந்த அளவில் விழுங்கக் காரணம் எதுவும் இல்லை.

சிறுகுறிஞ்சான் விஷயத்தில்தான் கவனம் தேவை. அதுவும் சர்க்கரையை இறக்கும், கிளிமிபிரைடும் இறக்கும், நடையும் இறக்கும். மூன்றும் வெறும் வயிற்றில் சேர்ந்தால் தாழ்சர்க்கரைதான். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு வந்தால் உடனே நின்று சோதியுங்கள். 70க்குக் கீழே என்றால் 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். கிளம்பும் முன்பே 90க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். 250க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால், கீட்டோன் (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து ரத்தத்தில் சேரும் அமிலம்) பார்க்காமல் நடக்க வேண்டாம். பொடியை எடுத்தே தீருவேன் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுங்கள்; மாத்திரை அளவை அவர்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

மஞ்சள் கேப்சூலில் பெரும்பாலும் மிளகுச் சத்தான பைப்பரின் சேர்த்திருப்பார்கள். மஞ்சளின் சத்தான குர்குமின் ரத்தத்தில் சேரட்டும் என்பதற்காக. அதே பைப்பரின் வேறு மருந்துகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றிவிடலாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. கேப்சூலால் கல்லீரல் பாதித்தவர்களும் உண்டு. சிறுநீர் அடர்நிறமாகப் போனாலோ கண் மஞ்சளித்தாலோ நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

நடைக்கு வாரம் 150 நிமிடம் கணக்கு. பேச முடியும், பாட முடியாது என்ற வேகம் போதும். இரண்டு நாளுக்கு மேல் தொடர்ந்து விடுப்பு எடுக்காதீர்கள், பயிற்சியின் தாக்கம் அதற்குள் கரைந்துவிடும். உடன் வாரம் இரண்டு மூன்று நாள் தசைப் பயிற்சி. சாப்பிட்ட பின் நடந்தால், உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் தணியும்.

கேள்வி: விழித்திரையில் புதிய ரத்தக் குழாய்கள் வளர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். டம்பெல் தூக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மூச்சை அடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். அந்தக் குழாய்கள் மெல்லியவை, கசிந்துவிடும். தலைகீழான ஆசனங்களும் குதிப்பதும் கூடாது. நிலையான சைக்கிள், சமதள நடை இவை போதும். லேசர் சிகிச்சை முடிந்து கண் மருத்துவர் சரி என்ற பிறகு மெல்லிய எடையில் தொடங்கலாம்.