ஆலயத்தில் கேட்கும் அந்த ‘ஊம்’ சத்தம்

கேள்வி: எங்கள் வீடு ராணிப்பேட்டையில். என் மாமனாருக்கு 76 வயது. நாற்பது ஆண்டுகள் ஆலயத்தில் ஆர்மோனியம் வாசித்தவர். இப்போது அந்த இடத்தில் என் மகன் கீபோர்டு வாசிக்கிறான். லேப்டாப்பிலிருந்து, முன்பே பதிவான பின்னணி இசையான ட்ராக்கும் ஓடவிடுகிறான். ஜெபம் நடக்கும்போதுகூட அடியில் ‘ஊம்’ என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. பாடல் நேரம் வந்தால் மாமா எழுந்து வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விடுகிறார். சொல் கேட்கவில்லை என்கிறார். ஒலியைக் கூட்டினால் காது வலிக்கிறது என்கிறார். மகன் அதை வீம்பு என்கிறான். வாத்தியங்களோடு துதிக்கச் சொல்லும் 150-ஆம் சங்கீதத்தை அவன் காட்டினால், உங்கள் வீணை ஓசையைக் கேட்கமாட்டேன் என்று கடவுள் சொல்லும் ஆமோஸ் 5:23-ஐ இவர் காட்டுகிறார். போன மாதம் ஆராதனை நடுவில் மின்சாரம் போய்விட்டது. பிள்ளைகளின் பாட்டு பாதியில் நின்றது. மரத்தடியிலிருந்த மாமா உள்ளே வந்து ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தார். சபை முழுவதும் பாடியது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சே இல்லை. எதுவானாலும் என் வழியாகத்தான். எனக்கோ அந்த ‘ஊம்’ சத்தம் பிடித்திருக்கிறது, அதை வீட்டில் சொல்லப் பயம். நான் யார் பக்கம் நிற்பது?
– பெயர் வேண்டாம், ராணிப்பேட்டை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

வசனச் சண்டையை முதலில் முடித்துவிடுகிறேன். ஆமோஸ் வெறுத்தது வீணையை அல்ல; அநியாயம் செய்துவிட்டு வந்து வீணை வாசித்தவர்களை. அடுத்த வசனத்தையும் மாமா படிக்கட்டும்: நீதி வற்றாத நதிபோல் வர வேண்டும் என்கிறது. பாலாற்றங்கரையில் உட்கார்ந்துகொண்டு வற்றாத நதியைப் பற்றிப் படிப்பது நமக்குக் கொஞ்சம் சங்கடம்தான். மகன் காட்டும் சங்கீதத்தில் எக்காளம் முதல் கைத்தாளம் வரை எல்லாம் இருக்கின்றன. பேரோசையுள்ள கைத்தாளம்கூட உண்டு. எந்தப் பெட்டியின் வழியாக என்பது மட்டும் இல்லை.

அந்த ‘ஊம்’ சத்தத்துக்குப் பையன்கள் ‘பேட்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு சுரக்கூட்டை மெதுவாக எழுப்பி, அறுபடாமல் நிற்கவைப்பது, அவ்வளவுதான். மாமாவுக்கு இது புதிதல்ல. ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டு அதன்மேல் பாடியிருப்பாரே, அந்தச் சுருதிக்கு இது பேரன் முறை. கச்சேரி மேடைகளில் மின்னணுத் தம்புரா எத்தனையோ ஆண்டுகளாக ஒலிக்கிறது. பாடகரின் பின்னால் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்து இன்று யாரும் எழுந்து போவதில்லை.

ஆர்மோனியத்தின் கதையையும் மாமாவுக்கு யாராவது சொல்ல வேண்டும். 1840-களில் பாரிஸில் காப்புரிமை பெற்ற கருவி அது. இங்கே வந்து, தரையில் உட்கார்ந்து கையால் துருத்தி போடும்படி உருமாறியது. சுரத்தை அசைத்து இழைக்கும் நம் ராகத்தின் கமகம் இந்தக் கட்டைகளில் வராது என்று பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். 1940-இல் அகில இந்திய வானொலி அதைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. சுமார் முப்பது ஆண்டுகள் அந்தத் தடை நீடித்தது. உங்கள் மாமா இளைஞராக ஆர்மோனியம் பழகிய காலத்தில் வானொலிக்குள் அது நுழைய முடியாது! ஆலயம்தான் அதை உட்கார வைத்துச் சோறு போட்டது.

இதை வைத்து மகன் வென்றுவிட்டதாக எண்ண வேண்டாம். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி வேறு. சொல் கேட்கவில்லை, கூட்டினால் வலிக்கிறது. ஒரே மனிதர் இரண்டையும் சொன்னால் இருபது வயதுப் பையனுக்கு வீம்பாகத்தான் தெரியும். ஆனால் வயதான காது அப்படியே அந்த இரண்டையும்தான் செய்யும். உள்காதின் மயிரணுக்கள் தேயும்போது முதலில் போவது மேல்சுருதி ஒலிகள். உயிரெழுத்துகள் கனமானவை, கீழே நிற்கும், காதில் விழுந்துவிடும். ச, த, க போன்ற மெய்கள் மெலிந்தவை. பாதம், பாசம், பாகம் மூன்றும் அவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்று: மெல்லிய ஒலி எட்டாத காதுக்கு, ஒலி எட்டத் தொடங்கும் இடத்துக்கும் வலிக்கும் இடத்துக்கும் நடுவே மிகக் குறுகிய இடம்தான் மிஞ்சும். மகன் ஒலியைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறான்.

இதன்மேல், கீழ்சுருதியை முழக்கும் பேஸ் பெட்டி. கீழ்சுருதி ஒலி தனக்கு மேலே இருப்பதை மூடிவிடும் தன்மை உடையது. ஏற்கெனவே மெலிந்துபோன மெய்யெழுத்துகள் அதற்கடியில் காணாமல் போய்விடுகின்றன. உங்கள் ஆலயம் உயர்ந்த கூரையும் சுண்ணாம்புச் சுவரும் கொண்ட பழைய கட்டடமாக இருந்தால் ஒவ்வொரு அடியும் சுவரில் மோதித் திரும்பி வரும். ஆகவே மகனுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒரு ஞாயிறு வேறொருவரை வாசிக்கச் சொல்லிவிட்டு, மாமா வழக்கமாக உட்காரும் பெஞ்சில் அவன் உட்காரட்டும். பெட்டி யாருடைய முகத்தைப் பார்த்து வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். செல்போனில் ஒலி அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் போதாது, ஆனாலும் கண்ணைத் திறக்கும். இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வைத்த உச்ச வரம்பு, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபல். அது கேளிக்கை அரங்குக்கு வைத்த வரம்பு. ஆலயம் அதன் பக்கத்தில்கூடப் போகத் தேவையில்லை.

ட்ராக் விஷயத்தில் நான் மாமா பக்கம். கீர்த்தனையில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிறோம். சபை உருகி நின்றால் பாடுபவர் இன்னொரு முறை திரும்புவார், களைத்திருந்தால் முடித்துவிடுவார். லேப்டாப் யாருடைய முகத்தையும் பார்க்காது. நான்கு நிமிடம் என்றால் நான்கு நிமிடம். குடியாத்தம் பக்கம் எங்கள் ஆலயத்துக்கு முதல் கீபோர்டு வந்த புதிதில், வாசித்த அண்ணன் திருவிருந்துப் பாட்டுக்குக் கை தவறி டிஸ்கோ பொத்தானை அழுத்திவிட்டார். ஆயர் அப்பத்தை ஏந்தியபடி நிற்கிறார், அண்ணனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. இன்றைக்கும் பெருமூச்சு விட்டுக்கொண்டு நான் நினைத்துச் சிரிக்கும் நாள் அது.

பாட்டை எந்தச் சுருதி உயரத்தில் வைக்கிறான் என்பதையும், அதாவது கட்டையையும், பார்க்கச் சொல்லுங்கள். புதிய பாடல்கள் பயிற்சி பெற்ற ஒரு பாடகரின் குரலுக்காகப் பதிவானவை. அதே உயரத்தில் வைத்தால் சபை வாயை மூடிக்கொண்டு மேடையைப் பார்க்கும். பெரும்பாலான கீபோர்டுகளில் சுருதியை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பொத்தான் இருக்கிறது; ஒன்றரைக் கட்டை இறக்கினால் யாருடைய கௌரவமும் இறங்காது. எத்தனை கட்டையில் வைத்தால் இந்தச் சபை பாடும் என்பது நாற்பது ஆண்டு வாசித்தவருக்குத் தெரியும். மகன் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்.

மாமாவிடமும் ஒரு வார்த்தை. மின்சாரம் போன அன்று அவர் எடுத்தது சபைக்கு மனப்பாடமான கீர்த்தனை. பிள்ளைகள் பாடியது புதிய பாட்டு. அந்தக் கீர்த்தனையும் ஒரு காலத்தில் புதிதாக இருந்து, யாரோ பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துத்தான் மனப்பாடமானது. ஆகவே அந்த வெற்றியை அவர் கொஞ்சம் குறைவாகக் கொண்டாடலாம்.

யார் பக்கம் என்று கேட்டீர்கள். முதலில் தபால்காரர் வேலையை விட்டுவிடுங்கள். அடுத்த முறை ‘தாத்தாவிடம் சொல்’ என்று மகன் ஆரம்பித்தால், அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போய்விடுங்கள். அந்தச் சத்தம் உங்களுக்குப் பிடிக்கும் என்பதையும் மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இந்தச் சண்டையில் உங்கள் காதைப் பற்றி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிறகு காதுப் பரிசோதனை. ‘காது மந்தம்’ என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வர வேண்டாம். பாட்டின் சொற்கள் தெளிவாகக் கேட்க வழியிருக்கிறதா என்று பார்த்து வரலாம் என்று மட்டும் சொல்லுங்கள். வேலூரில் காது மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நீங்கள் அழைத்துப் போகாதீர்கள், மகனை அனுப்புங்கள். மருத்துவமனை வரிசையில் அரை நாள் போகும். அடுத்தடுத்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அத்தனை நேரம் இருவரும் பேசாமல் இருக்க முடியுமா என்று பார்ப்போம்.