வாசகர் கேள்வி, அக்கா பதில்: கவிச்சிய விட்டா இனிப்புநீர் போயிடுமா?

கேள்வி: அக்கா, எனக்கு 46 வயசு, சுங்கை சிப்புட்ல ஒரு ஃபேக்டரில பேக்கிங் வேலை. இனிப்புநீர் (நீரிழிவு) வந்து ஆறு வருஷமாச்சு, மெட்ஃபார்மின் ரெண்டு வேளை, கிளிக்லசைட் ஒரு வேளை சாப்புடுறேன். போன மாசம் எச்பிஏ1சி, அதான் மூணு மாச சராசரி சுகர் டெஸ்ட், 8.4 காட்டுச்சு. கோலாலம்பூர்ல இருக்குற மகன் வீகனா, அதாவது கவிச்சி முட்டை பால் எதுவும் தொடாத ஆளா மாறிட்டான், நீயும் மாறும்மா மருந்தே வேணாம்ங்குறான். வீட்டுக்காரரு கோழி இல்லாம எப்படி சோறு எறங்கும்னு கேக்குறாரு. நான் மாறலாமா, மாறுனா நம்ம ஊருல என்னத்த சாப்புடுறது?

பதில்: மாறலாம் தங்கச்சி, தாராளமா மாறலாம். ஆனா மாத்திரைய மட்டும் நீயா நிறுத்திடாத, மகன் சொன்னாலும் சரி யூடியூப்ல யாரு சொன்னாலும் சரி. அவன் சொல்றதுல விஷயம் இருக்கு. 2006ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, இனிப்புநீர் உள்ள 99 பேர ரெண்டு குழுவா பிரிச்சு 22 வாரம் பாத்தாங்க, ஒரு குழுவுக்கு எண்ணெய் கொறைச்ச வீகன் சாப்பாடு, இன்னொரு குழுவுக்கு அந்த நாட்டு நீரிழிவு சங்கம் சொல்ற சாப்பாடு. வீகன் குழுவுல நூத்துக்கு 43 பேரு மருந்த கொறைச்சாங்க, மத்த குழுவுல 26 பேரு. கொறைச்சாங்கன்னுதான் சொல்றேன், எல்லாரும் விட்டுட்டாங்கன்னு சொல்லல. அந்த வீகன் சாப்பாட்டுல கவிச்சி, முட்டை, பால் இல்லங்குறதோட எண்ணெயும் ரொம்ப கம்மி, கீரை காய் பயறு நெறைய, பி12 வைட்டமின் மாத்திரையும் உண்டு. இந்தக் கடைசி விஷயத்த யாரும் வாயத் தொறந்து சொல்றதில்ல, அதான் எனக்கு ஆதங்கம்.

எங்கம்மா கதைய சொல்றேன். அம்மா சைவம், கவிச்சி தொட்டு இருவது வருஷத்துக்கு மேல ஆச்சு, மெட்ஃபார்மின் ஒம்போது வருஷமா சாப்புட்டாங்க. ஒருநாள் கோயிலுக்குப் போயிட்டு வாசல்ல வந்து நிக்கிறாங்க, ஒரு கால்ல சிலிப்பர் இருக்கு, இன்னொரு கால்ல இல்ல. எங்கம்மா செருப்பக் காணோம்னு கேட்டா குனிஞ்சு பாத்துட்டு அவங்களே முழிக்கிறாங்க, சடக்குல எங்கயோ கழண்டு விழுந்துருக்கு, கால்ல ஒன்னுமே தெரியல. இனிப்புநீர்னா கால் மரத்துதான் போகும்னு எல்லாரும் சொன்னோம், நானும்தான் சொன்னேன். ஒரு சின்ன டாக்டரம்மா மட்டும் இவங்க சாப்பாடு என்ன, மெட்ஃபார்மின் எத்தன வருஷம்னு கேட்டுட்டு ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, பி12 ரொம்ப கீழ கெடந்துச்சு. ஊசி போட ஆரம்பிச்சு ஏழெட்டு மாசம் கழிச்சு ஒருநாள் அம்மா குசினில நின்னுக்கிட்டு தரை ஈரமா இருக்குடின்னு சொன்னாங்க பாரு, நான் அழுதுட்டேன்.

பி12 செடி கொடியில இருந்து நம்பி வாங்குற சத்து இல்லம்மா. கவிச்சி, முட்டை, பால்லதான் இருக்கு, தெம்பேயில (புளிக்க வச்ச சோயா கட்டி) இருக்கு ஸ்பைருலினாவுல (பாசிப் பொடி) இருக்குன்னு சொல்றத நம்பாத. ஈரல்ல வருஷக்கணக்குக்கு சேத்து வச்சிருக்கும், அதனால விட்ட ஒடனே ஒன்னும் தெரியாது, மெதுவாதான் கொறையும். மெட்ஃபார்மின் ரொம்ப நாள் சாப்புட்டா அதுவும் பி12 ஒடம்புல ஏறுறத கொறைக்கும், ஆக ஒனக்கு ரெண்டு பக்கமும் அடி. கீரை நெறைய சாப்புட்டா ஃபோலேட்ங்குற சத்து ஏறி, பி12 கொறைஞ்சா வர்ற ரத்தசோகை வெளிய தெரியாம இருக்கலாம், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம்தான் வேணும், ஆனா மாத்திரையில இருக்குறது முழுசா ஒடம்புல ஏறாது, அதனால வீகன் ஆளுங்கள தெனம் 10 மைக்ரோகிராமாவது எடுக்கச் சொல்றாங்க, ஒனக்கு எவ்வளவுன்னு ரத்தம் பாத்துட்டு டாக்டர் சொல்லட்டும்.

அடுத்தது அந்த கிளிக்லசைட். அது சுகர எறக்கிக்கிட்டே இருக்குற மாத்திரை, நீ திடீர்னு சோத்தப் பாதியாக்கி மாத்திரைய அப்படியே போட்டா ஃபேக்டரி லைன்ல நிக்கிறப்பவே வேர்த்து ஊத்தி கை நடுங்கி கண்ணு இருட்டிடும். அதனால ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கவர்மெண்டு கிளினிக்குப் போ, ஒரு ரிங்கிட்தான் ஃபீஸு, சாப்பாட்ட மாத்தப் போறேன்னு சொல்லு, மிஷின்ல சுகர் பாக்க கத்துக்கோ, பையில ரெண்டு மிட்டாய் எப்பவும் இருக்கட்டும். கிட்னி எப்படி இருக்குன்னும் கேளு, கிட்னி பலவீனமானவங்களுக்கு கீரை பயறு பழம் அதிகமானா பொட்டாசியம் ஏறும், அவங்களுக்கு கணக்கு வேற.

சாப்பாட்டுக்கு நம்ம ஊருல பஞ்சமே இல்ல. காலைல மார்க்கெட்டுக்குப் போனா தெம்பே கெடைக்கும், நூறு கிராம்ல 19 கிராம் போல புரதம் இருக்கு. மெல்லிசா நறுக்கி மஞ்சள் உப்பு தடவி தோசைக்கல்லுல ரெண்டு பக்கமும் செவக்க விட்டு, கோழிக்குப் போடுற அதே மசாலாவுல பெரட்டிடு, வீட்டுக்காரரு மொதல்ல மொகத்த சுளிப்பாரு, அப்புறம் கைய நீட்டுவாரு. அவருக்கு கோழி வேணும்னா தனிச் சட்டில வையி, சண்டை வேணாம். தவ்பூ (டோஃபு), கச்சான், மொச்சை, முருங்கைக்கீரை, வல்லாரை, வேலியோரம் நிக்கிற மரவள்ளிக் கொழுந்து எல்லாம் ஆகும், கொழுந்த மட்டும் நல்லா வேகவச்சு தண்ணிய கொட்டிடு, அதுல நஞ்சு உண்டு. கேவுரு கூழ்ல சுண்ணாம்புச் சத்து இருக்கு. கீரையில எலுமிச்சை பிழிஞ்சுக்கோ, சாப்புட்ட ஒடனே டீ குடிக்காத, டீ இரும்புச்சத்த ஏற விடாது.

கடையில சாப்புடுறப்ப கேட்டு சாப்புடு. சம்பால்ல பெலாச்சானும் (எறா விழுது) நெத்திலியும் இருக்கும், டின் பால்லயும் கிரீமர்லயும் பாலு மட்டுமில்ல கொட்டிக் கெடக்குற சீனியும் இருக்கு, பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் கேட்டு வாங்கு. சைவ இறைச்சின்னு விக்கிறதுல உப்பு ஜாஸ்தி, சிலதுல முட்டை வெள்ளக்கரு சேத்துருப்பாங்க, பாக்கெட்ட திருப்பிப் படி.

கேள்வி: நான் தோட்டத்துல வேலை செஞ்சு ரிட்டயர் ஆனவன், வயசு 61. புரட்டாசி முழுக்க கவிச்சி தொடல, ஆனா சுகர் மில்லிமோல் கணக்குல 9ல இருந்து 11க்கு ஏறிடுச்சு. சாமிக்கு விரதம் இருந்தும் ஏன் இப்படி?

பதில்: அண்ணே, விரதத்துல கொறையில்ல, தட்டுலதான் இருக்கு. நீங்க எழுதுன சாப்பாட்ட நானும் படிச்சேன், பசியாற தோசை, மத்தியானம் சோறு சாம்பார் உருளைக்கெழங்கு அப்பளம், சாயங்காலம் வடையும் பால் காப்பியும், ராத்திரி மறுபடி சோறு. மீன் இருந்த எடத்துல கெழங்கு வந்து உக்காந்துடுச்சு. பால்மரம் (ரப்பர்) வெட்டுன காலத்துல விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு மேடும் பள்ளமும் நடந்தீங்க, அந்த ஒழைப்புக்கு அந்தச் சோறு தகும், இப்ப வீட்டு வாசல்லயே மோட்டார் சைக்கிள், சோறு மட்டும் கொறையல. 2023ல மலேசியாவுல எடுத்த தேசிய ஆய்வுல பெரியவங்கள்ல நூத்துக்கு 15.6 பேருக்கு இனிப்புநீர்னு வந்துருக்கு, நீங்க மட்டும் இல்லண்ணே.

சுகாதார அமைச்சு சொல்ற சுக்கு சுக்கு செப்பாரோதான் உங்களுக்கு வழி, தட்டுல பாதி காயும் பழமும், கால்வாசி சோறு, கால்வாசி பருப்பு, பயறு, தவ்பூ. கோயில் அன்னதானத்துலயும் மொதல்ல கூட்டு பொரியல் வாங்குங்க, சோறு கடைசியா. காப்பிய சீனி இல்லாம குடிங்க, பத்து நாள்ல நாக்கு பழகிடும். 11 இருக்குறதால அடுத்த அப்பாய்ண்ட்மெண்ட் வரைக்கும் காத்திருக்காம இந்த வாரமே கிளினிக்குக்குப் போயிடுங்க.

கேள்வி: நான் வீகன், வயசு 22. தோட்டத்துப் பாட்டி வீட்டுக்குப் போனா மோர் குடுக்குறாங்க, வேணாம்னா மொகம் வாடிப் போகுது. என்ன செய்ய?

பதில்: வேணாம்னு மட்டும் சொல்லாதம்மா, வேற ஒன்னு கேளு. பாட்டி, அந்த கேவுரு கூழு மோர் ஊத்தாம சின்ன வெங்காயம் கடிச்சுக்கிட்டு குடிக்கணும் போல இருக்குன்னு போறதுக்கு முன்னாடியே ஃபோன்ல சொல்லிடு, வீட்டுக்குள்ள நொழையுறப்ப கூழு ஆறியிருக்கும்.